பால் கேனில் வந்த இரத்தம்: பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகள் நம் கைக்கு வந்து சேரும் வழி

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. அந்தப் புயலில் ஒரு விவசாயி சுமார் 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு மாடிசன் நகருக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் செத்துப்போன கிடாரி ஒன்று, ஒரு பால் கேன் நிறைய இரத்தம், கூடவே ஒரு பொதி தீவனம். அவருடைய மாடுகள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கால்நடை அதிகாரியைப் பார்க்கத்தான் வந்தார்; சனிக்கிழமை என்பதால் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஆள் இருந்த இடம், பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம். கேனைத் திறந்தால் இரத்தம் தண்ணீர் போல அலம்பியது. ஒரு துளிகூட உறைந்திருக்கவில்லை.

கெட்டுப்போன தீவனத்தை மாடுகளுக்குப் போட வேண்டாம் என்பதற்கு மேல் லிங்க்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. விவசாயி வெறுங்கையோடு திரும்பிப் போனார். கேன் மட்டும் ஆய்வகத்தில் நின்றுவிட்டது.

இரத்தக் கட்டி உண்டாகாமல் தடுப்பதற்காக உலகம் முழுவதும் எத்தனையோ பேர் நாள்தோறும் விழுங்கும் வார்ஃபரின் மாத்திரை, அந்தக் கேனிலிருந்து தொடங்கியது. கேன் வந்த நாளுக்கும், அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்த 1954-க்கும் இடையே 21 ஆண்டுகள்.

பல்கலைக்கழகத்தில் பிறக்கும் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசும்போது, அந்த முதல் நாளைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எனக்கு அந்த நடுவிலுள்ள 21 ஆண்டுகள் மீதுதான் அக்கறை. ஒரு கண்டுபிடிப்பு பிழைப்பதும் சாவதும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதை முன்பின் அறியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

கண்டறிந்ததும் உண்டாக்கியதும்

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். தமிழில் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு வேலைகளுக்குப் புழங்குகிறோம். ஏற்கெனவே இயற்கையில் இருந்ததைக் காண்பது ஒன்று. இல்லாத ஒன்றை உண்டாக்குவது இன்னொன்று. பேச்சுவழக்கில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சட்டத்தின் முன்னால் போனால் எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

வார்ஃபரினிலேயே பார்க்கலாம். கெட்டுப்போன அந்தத் தீவனத்தில் இரத்தத்தை உறையவிடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது கண்டறிதல். அது என்ன என்று பிரித்தெடுக்க லிங்க்கின் குழுவுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1939-இல் ஹரோல்ட் கேம்ப்பெல் என்ற ஆய்வாளர் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். டைகுமரால் என்று அதற்குப் பெயர் வந்தது. தீவனச் செடியில் இயல்பாகவே குமரின் என்ற வேதிப்பொருள் உண்டு. நல்ல வைக்கோலுக்கு மணம் கொடுக்கும் பொருள் அது, தீங்கு செய்யாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அந்தக் குமரின் டைகுமராலாக மாறிவிடுகிறது. உடலில் வைட்டமின் கே-யின் வேலையை அது முடக்குவதால் இரத்தம் உறைய வேண்டிய நேரத்தில் உறைவதில்லை. இதுவரை நடந்தது எல்லாம் இயற்கையைப் படித்தது. அதன் பிறகு, அதே குடும்பத்தைச் சேர்ந்த பல சேர்மங்களைச் செயற்கையாகச் செய்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, மிக வலுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அது உண்டாக்கியது. அதற்குத்தான் வார்ஃபரின் என்று பெயர்.

அந்தப் பெயரிலேயே நம் கதையின் அடுத்த பாத்திரம் ஒளிந்திருக்கிறது. பெயரின் முற்பகுதியான ‘வார்ஃப்’ என்பது விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் எழுத்துகள். பிற்பகுதி குமரினின் வால். ஒரு மருந்து, அதன் காப்புரிமையைப் பார்த்துக்கொண்ட அமைப்பின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது!

அந்த அறக்கட்டளை 1925-இல் தொடங்கப்பட்டது. காரணம் ஹாரி ஸ்டீன்பாக் என்ற இன்னொரு விஸ்கான்சின் பேராசிரியர். உணவுப்பொருளின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அதில் வைட்டமின் டி கூடுகிறது என்று அவர் காட்டினார். குழந்தைகளின் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது பெரிய தீர்வு. ஒரு நிறுவனம் பெருந்தொகை கொடுத்து உரிமையை வாங்க முன்வந்தது. ஸ்டீன்பாக் அதைத் தனக்கென்று வாங்கிக்கொள்ளாமல், காப்புரிமையை நிர்வகித்து வரும் பணத்தை மீண்டும் ஆய்வுக்கே திருப்பிவிடும் ஓர் அமைப்பு வேண்டும் என்றார். பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பின் வருமானம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பும் ஏற்பாடுகளில் இது முன்னோடி.

யாருடைய சொத்து?

பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வகத்தில் புதிய கருவியோ மருந்தோ செய்கிறார். அது அவருக்குச் சொந்தமா? பெரும்பாலான நாடுகளில், இல்லை. கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவருக்கு, உடைமை பல்கலைக்கழகத்துக்கு. சம்பளமும் இடமும் கருவியும் கொடுத்தது அதுதான் என்பது நியாயம். ஸ்வீடனில் மட்டும் பழைய வழக்கம் இன்னும் நிற்கிறது: ஆசிரியரின் கண்டுபிடிப்பு ஆசிரியருக்கே. ஜெர்மனியிலும் அப்படித்தான் இருந்தது, 2002-இல் மாற்றிவிட்டார்கள்.

அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்றால் இன்னொரு கேள்வி எழுகிறது. வரிப்பணத்தில் கண்டுபிடித்தது அரசுக்குச் சொந்தமாக வேண்டாமா? அமெரிக்காவில் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. அரசின் கையில் சுமார் 28,000 காப்புரிமைகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 5 சதவீதத்துக்கும் குறைவானவைதான் தொழில் நிறுவனங்களுக்கு உரிமமாகப் போயின. மிச்சமெல்லாம் அலமாரியில். 1980-இல் பே-டோல் சட்டம் வந்தது. அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு உரிமம் வழங்கலாம் என்று அது அனுமதித்தது. மற்ற நாடுகள் பலவும் இதைப் பார்த்து ஏதோ ஒரு வடிவில் பின்பற்றின. மக்கள் பணத்தில் பிறந்த மருந்தை மக்களே அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்ற குறை அன்றும் எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அலமாரியில் தூங்கிய மருந்தால் யாருக்கும் மலிவாகக்கூடக் குணமாகவில்லை என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

பேசுவதற்கு முன் பதிவு

ஆய்வு மாணவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று இந்தப் பகுதியில் வருகிறது.

காப்புரிமை கிடைக்க மூன்று தகுதிகள் வேண்டும். உலகில் எங்குமே வெளியாகாத புதுமை வேண்டும். அந்தத் துறையில் பழகியவருக்கு எளிதில் தோன்றிவிடாத ஒரு படி முன்னேற்றம் வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை பிறர் அதைச் செய்யவோ விற்கவோ தடுக்கலாம். பதிலுக்கு, செய்முறை முழுவதையும் எல்லோரும் படிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காப்புரிமை என்பது இரகசியம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது இரகசியத்துக்கு நேர் எதிர். சொல்லிவிட்டுத்தான் உரிமை கேட்க முடியும்.

சிக்கல் அந்த முதல் தகுதியில் இருக்கிறது. வெளியாகாத புதுமை என்றால், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் புதுமை போய்விடும். ஆய்விதழில் கட்டுரை, மாநாட்டில் சுவரொட்டி, நூலகத்தில் வைத்த முனைவர் பட்ட ஆய்வேடு, எல்லாமே வெளியீடுதான். அமெரிக்காவில் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் அந்தத் தாராளம் இல்லை. நேற்று மேடையில் சொன்னதற்கு இன்று விண்ணப்பிக்க முடியாது. ஆய்வாளருடைய வாழ்க்கையோ வெளியீட்டில்தான் ஓடுகிறது. கட்டுரை வந்தால்தான் பட்டம், பதவி, அடுத்த நிதி. ஆகவே அவசரமாக வெளியிட்டுவிட்டுப் பிறகு கையைப் பிசைவது உலகெங்கும் நடக்கும் கதை.

இதில் நூலிழையில் தப்பிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹனும், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் போயரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி, பாக்டீரியாவுக்குள் ஒட்டி, பாக்டீரியா பெருகப் பெருக அந்தத் துண்டும் பெருகும்படி செய்தார்கள். மரபணுப் பொறியியல் என்று இன்று நாம் சொல்லும் துறையின் அடிக்கல் இது. அந்த நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. காப்புரிமை என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. மறு ஆண்டு மே மாதம், ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகத்தை நடத்திய நீல்ஸ் ரைமர்ஸ் செய்தித்தாளில் அதைப் பற்றிப் படித்தார். கோஹனுக்கு முதலில் விருப்பமில்லை. இத்தனை பேருடைய உழைப்பின் மேல் நின்று செய்த ஒன்றுக்கு நான் மட்டும் உரிமை கேட்பதா என்ற தயக்கம். ரைமர்ஸ் பேசிச் சம்மதிக்க வைத்தார். 1974 நவம்பர் 4 அன்று விண்ணப்பம் போனது. ஓராண்டு கெடு முடிய ஒரு வாரம்தான் மிச்சம். மற்ற நாடுகளில் உரிமை கேட்கும் வாய்ப்பு அதற்கு முன்பே போயிருந்தது.

காப்புரிமை கிடைத்தது 1980 டிசம்பரில். ரைமர்ஸ் அதை ஒரே நிறுவனத்துக்கு விற்றுவிடவில்லை. யார் கேட்டாலும் கொடுத்தார்: நுழைய 10,000 டாலர், ஆண்டுக்கு 10,000 டாலர், பொருள் விற்றால் சிறு பங்கு. 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றன. 1997-இல் காலாவதியாகும்வரை சுமார் 25 கோடி டாலர் வந்தது. பணத்தைவிட எனக்கு அந்த 468 என்ற எண்தான் பெரிது. ஓர் அடிப்படை முறையைப் பூட்டாமலும் சும்மா விட்டுவிடாமலும் பரவச் செய்ய முடியும் என்று அது காட்டியது.

ரைமர்ஸ் நடத்தியது போன்ற அலுவலகத்துக்குத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் என்று பெயர். ஆய்வாளர் ஒரு படிவத்தில் தம் கண்டுபிடிப்பைத் தெரிவிப்பார். அலுவலகம் அது புதிதா, யாராவது வாங்குவார்களா என்று பார்க்கும், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும், நிறுவனங்களின் கதவைத் தட்டும். ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்துக்கு உரிமம் கொடுப்பது ஒரு வழி. ஆய்வாளர்களே ஸ்டார்ட்அப் தொடங்கி அந்த உரிமத்தைப் பெறுவது இன்னொரு வழி. ராயல்டி வந்தால் கண்டுபிடித்தவர், துறை, பல்கலைக்கழகம் என்று பிரித்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலான காப்புரிமைகள் செலவைக்கூடத் திருப்பித் தருவதில்லை. கோடிகளைக் கொட்டிய கோஹன்-போயர் விதிவிலக்கு.

நடுவிலுள்ள பள்ளம்

உரிமம் கொடுத்துவிட்டால் முடிந்ததா? இல்லை, கடினமான பகுதியே இனிமேல்தான்.

நாசா ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று சொல்ல ஒன்றிலிருந்து ஒன்பது வரை படிகள் வகுத்தது. முதற்படியில் வெறும் கொள்கை. மூன்றாவது, நான்காவது படியில் ஆய்வக மேசையில் வேலை செய்யும் ஒரு மாதிரி. ஒன்பதாவதில் உண்மையான சூழலில் ஓடிக்காட்டிய முழுப் பொருள். பல்கலைக்கழகம் இயல்பாக முதல் மூன்று நான்கு படிகளில் நின்றுவிடும். அதற்கு மேல் செய்வது புதிய அறிவாகக் கருதப்படுவதில்லை. கட்டுரையும் வராது, ஆய்வு நிதியும் வராது. தொழில் நிறுவனங்களோ ஏழாவது படிக்கு வந்த பிறகுதான் பணம் போட விரும்புகின்றன. நடுவில் யாரும் காசு கொடுக்காத ஒரு நிலம் கிடக்கிறது. துறையில் உள்ளவர்கள் அதை மரணப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். பெயர் பயமுறுத்துகிறது, ஆனால் பொருத்தமான பெயர்தான்.

உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் மின்கலமே அந்தப் பள்ளத்தைத் தாண்டி வந்ததுதான். 1980-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்ற பொருளை நேர்மின்வாயாகப் பயன்படுத்தினால் அதுவரை இருந்தவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னழுத்தம் கிடைக்கும் என்று காட்டியது. காப்புரிமைக்குச் செலவழிக்க ஆக்ஸ்போர்டு முன்வரவில்லை. உரிமையை அரசின் அணுசக்தி ஆய்வு நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் குடினஃப். அந்தப் பொருளுக்குப் பொருத்தமான கரிம எதிர்மின்வாயைச் சேர்த்து, பாதுகாப்பாக ஓடும் மின்கலமாக 1985-இல் ஆக்கியவர் ஜப்பானில் அசாஹி கசெய் நிறுவனத்தில் இருந்த அகிரா யோஷினோ. 1991-இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் 97 வயதில் குடினஃப் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ராயல்டி ஒரு காசும் அவர் பார்க்கவில்லை.

இங்கே கவனியுங்கள்: குடினஃபின் பொருள் இல்லாமல் யோஷினோவின் மின்கலம் இல்லை, யோஷினோ இல்லாவிட்டால் குடினஃபின் பொருள் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையாகவே இருந்திருக்கும். யார் உண்மையான கண்டுபிடிப்பாளர் என்று கேட்பதே இந்த இடத்தில் பொருந்தாத கேள்வி.

ஹீட்லியின் பாத்திரங்கள்

மருத்துவத்தில் பள்ளம் இன்னும் ஆழம். அதைச் சொல்ல பெனிசிலினைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது. 1928-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பூஞ்சையைப் பார்த்த கதையை எல்லோரும் படித்திருக்கிறோம். அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் அது ஏட்டில் கிடந்தது. ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு ஃப்ளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் அதை மீண்டும் கையில் எடுத்தார்கள். அவர்கள் குழுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார்: நார்மன் ஹீட்லி. கைவேலையில் கெட்டிக்காரரான உயிர்வேதியியலாளர்.

1940 மே 25. எட்டு எலிகளுக்கு உயிர்கொல்லும் அளவு பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். நான்குக்குப் பெனிசிலின், நான்குக்கு எதுவும் இல்லை. ஹீட்லி இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்து கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும் முன்பே, மருந்து பெறாத நான்கும் செத்துவிட்டன. மற்ற நான்கும் உயிரோடு இருந்தன.

எலி சிறியது. மனிதனுக்கு அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு மருந்து வேண்டும். போர்க்காலம், பெரிய மருந்து நிறுவனங்களுக்கு வேறு வேலை. பூஞ்சை வளர அகலமான, ஆழமில்லாத, மூடிவைக்கக்கூடிய பாத்திரங்கள் வேண்டியிருந்தன. ஹீட்லி கையில் கிடைத்ததிலெல்லாம் வளர்த்துப் பார்த்தார்: பிஸ்கட் டின், பால் பாத்திரம். எல்லாவற்றையும்விட நன்றாக வந்தது மருத்துவமனையில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வைக்கும் மலத்தட்டு. அதே வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி வரைந்து, பீங்கான் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்யச் சொன்னார். 1940 டிசம்பரில் இரவல் வண்டியில் தாமே போய் முதல் தொகுதியை ஏற்றி வந்தார். பாத்திரங்களைக் கழுவவும் பூஞ்சையைத் தூவவும் இளம்பெண்கள் ஆறு பேர் வேலைக்கு வந்தார்கள்.

1941 பிப்ரவரி 12. முகமெல்லாம் சீழ்பிடித்து, ஒரு கண்ணை இழந்து, சாகக் கிடந்த காவலர் ஒருவருக்கு முதல் ஊசி போட்டார்கள். ஒரே நாளில் காய்ச்சல் தணிந்தது. அவர் சாப்பிடத் தொடங்கினார். உலகிலிருந்த பெனிசிலின் முழுவதும் அந்த ஒருவருக்கே போய்க்கொண்டிருந்தது. போதாமல், அவருடைய சிறுநீரைச் சேகரித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதில் வெளியேறிய மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் செலுத்தினார்கள். ஐந்து நாளில் எல்லாம் தீர்ந்தது. மார்ச் 15 அன்று அவர் இறந்தார்.

மருந்து வேலை செய்தது, அளவு போதவில்லை. இந்த ஒரு வரியில் பள்ளத்தாக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. உண்மையென்று தெரிந்த ஒன்று, போதுமான அளவில் செய்ய வழியில்லாததால் ஒரு மனிதரைக் கைவிட்டது. அந்த ஆண்டு கோடையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவுக்குப் போனார்கள். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரிலிருந்த அரசு வேளாண் ஆய்வகத்தில், மக்காச்சோளத் தொழிலின் கழிவாக வரும் ஊறல் நீரில் பூஞ்சையை வளர்த்தால் விளைச்சல் பல மடங்கு கூடுகிறது என்று தெரிந்தது. பிறகுதான் பெரும் தொட்டிகள், தொழிற்சாலைகள், போர்முனைக்குப் போன மருந்து.

காப்புரிமை வாங்கிவிட வேண்டும் என்று செயின் வாதாடினார். மருத்துவத்தில் அது நெறியாகாது என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். 1945-இல் ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் நோபல். ஹீட்லிக்கு இல்லை. 1990-இல் ஆக்ஸ்போர்டு அவருக்கு மருத்துவத்தில் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் எண்ணூறு ஆண்டு வரலாற்றில் மருத்துவர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. ஐம்பது ஆண்டு தாமதம். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

ஏன் இவ்வளவு மெதுவாக?

இன்று ஒரு புதிய மருந்து, விலங்குகளில் சோதித்த பிறகு மூன்று கட்டங்களாக மனிதர்களிடம் போகிறது. முதல் கட்டத்தில் சில பத்துப் பேர்: பாதுகாப்பானதா, எவ்வளவு தாங்கும்? இரண்டாவதில் சில நூறு நோயாளிகள்: பலன் தெரிகிறதா? மூன்றாவதில் ஆயிரக்கணக்கானோர்: ஏற்கெனவே உள்ள மருத்துவத்தைவிட, அல்லது வெறும் சர்க்கரை மாத்திரையைவிட உண்மையிலேயே மேலா? முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது.

மருத்துவக் கருவிகளுக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவும் இல்லாத காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி. மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்ட்டன் லில்லெஹை என்ற அறுவை மருத்துவர் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து சரிசெய்துகொண்டிருந்தார். சில குழந்தைகளுக்கு அறுவைக்குப் பிறகு இதயத் துடிப்பு தடுமாறும். சுவரில் செருகிய மின்கருவியிலிருந்து துடிப்பு கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார்கள். 1957 அக்டோபர் 31 அன்று நகரில் மின்சாரம் போனது. செருகுவாய் செத்தால் கருவியும் செத்தது. லில்லெஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த பொறியாளர் ஏர்ல் பேக்கனைக் கூப்பிட்டு, மின்கலத்தில் ஓடும்படி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். பேக்கன் மின்னணு இதழ் ஒன்றில் வந்த தாளக்கருவியின் சுற்றை எடுத்து, டிரான்சிஸ்டர்களை வைத்து, உள்ளங்கையில் அடங்கும் பெட்டியாக நான்கே வாரத்தில் செய்து முடித்தார். ஒரு நாய்க்குப் பொருத்திப் பார்த்தார்கள்; ஓடியது. மறுநாள் பேக்கன் மருத்துவமனைக்குப் போனால், அந்தப் பெட்டி ஒரு குழந்தையின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது! உயிரைக் காக்கக்கூடிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைச் சாகவிட மாட்டேன் என்றார் லில்லெஹை.

இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை ஒப்புக்கொள்ளாது; ஒப்புக்கொள்ளவும் கூடாது. அந்தப் பெட்டி பழுதாகியிருந்தால் கதை வேறு. ஆனாலும் நான்கு வாரம் என்பதை மறக்க முடியவில்லை. மருத்துவரும் பொறியாளரும் ஒரே தாழ்வாரத்தில் நடமாடியதால் நடந்தது அது. தேவையைக் கண்ணால் பார்த்தவனும், செய்யத் தெரிந்தவனும் அடுத்தடுத்த அறையில் இருந்தார்கள். பல்கலைக்கழகம் என்ற இடத்தின் தனிப்பட்ட வலிமையே இதுதான்: ஒரே வளாகத்தில் மருத்துவக் கல்லூரி, பொறியியல் துறை, வேதியியல் ஆய்வகம், எதையும் கேட்கும் வயதுள்ள மாணவர்கள்.

காத்திருப்பு வேறு வகையிலும் வரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும், புரதம் செய்யும் கட்டளையை உடலின் செல்லுக்குள் கொண்டுசெல்லும் எம்.ஆர்.என்.ஏ. மூலக்கூறின் நான்கு எழுத்துகளில் ஒன்றைச் சற்று மாற்றினால் உடல் அதை எதிரியாக எண்ணிக் கொந்தளிப்பதில்லை என்று 2005-இல் எழுதினார்கள். கண்டுகொண்டவர்கள் மிகச் சிலர். 15 ஆண்டுகள் கழித்து எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனாத் தடுப்பூசிகளுக்கு அதுதான் அடித்தளமானது. 2023-இல் நோபல்.

சில நேரம் காப்புரிமையே இலாபத்துக்காக இல்லாமல் காவலுக்காகவும் எடுக்கப்படும். டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலினைக் கண்டவர்களான ஃப்ரெடெரிக் பேன்டிங், சார்ல்ஸ் பெஸ்ட், ஜேம்ஸ் காலிப் மூவரும் தங்கள் உரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். வேறு யாராவது குறுக்கே வந்து உரிமை கொண்டாடிவிடக் கூடாது, தரமில்லாத மருந்து சந்தைக்கு வந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்த இன்சுலினும் முதல்முறை பலிக்கவில்லை. 1922 ஜனவரி 11 அன்று 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போட்ட ஊசி ஒவ்வாமையைத்தான் கொடுத்தது. காலிப் இரவு பகலாகச் சுத்திகரித்த மருந்தை 23-ஆம் தேதி போட்டபோதுதான் அவன் தேறினான். அந்தப் பன்னிரண்டு நாள் வேலையைச் செய்த காலிப்பின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புல்லும் சிப்பியும்

மருத்துவமும் பொறியியலும் ஒன்றாகக் கைகோத்த இன்னொரு கருவி, காதின் உட்பகுதியில் பொருத்தும் காக்ளியர் கருவி. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கிரேம் கிளார்க்கின் தந்தைக்குக் காது மந்தம். மருந்துக்கடை நடத்திய அவர் வாடிக்கையாளர் கேட்பது புரியாமல் பட்ட சிரமத்தைப் பார்த்து வளர்ந்தவர் கிளார்க். பேச்சைப் புரியவைக்கும் அளவுக்கு மின்துடிப்பால் காது நரம்பைத் தூண்ட முடியும் என்பதைத் துறையில் பலர் நம்பவில்லை. நிதி கிடைக்காத நாட்களில், தொலைக்காட்சி வழியாகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி ஆய்வு நடந்தது.

பெரிய தடை ஓர் இயந்திரச் சிக்கல். உட்காது நத்தைக்கூடு போலச் சுருண்டது. மின்முனைகளைத் தாங்கிய மெல்லிய கம்பிக் கற்றையை அந்தச் சுருளுக்குள் சேதமின்றி உள்ளே செலுத்துவது எப்படி? வளைகிற கம்பி தள்ளினால் மடங்குகிறது. விறைப்பான கம்பி சுருளில் முட்டுகிறது. 1977-இல் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போன கிளார்க், மணலில் கிடந்த ஒரு சுருள் சிப்பியை எடுத்தார். பக்கத்தில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி உள்ளே நுழைத்துப் பார்த்தார். நுனியில் இளக்கமாகவும் அடியில் போகப் போக விறைப்பாகவும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. கம்பிக் கற்றையையும் அப்படியே செய்தார்கள்.

1978 ஆகஸ்ட் 1 அன்று, விபத்தில் கேட்கும் திறனை முழுவதும் இழந்திருந்த ஒருவருக்கு அதைப் பொருத்தினார்கள். அந்தக் கருவியின் வழியாக அவருக்குத் தேசிய கீதத்தை ஒலிக்கச் செய்தபோது, கம்பிகள் இணைந்திருக்க அவர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். அது தாளத்தை மட்டும் காட்டியது. சொற்கள் புரியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. சில மாதங்கள் கழித்து, உதட்டைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு அவர் சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். கிளார்க் பக்கத்து அறைக்குப் போய், யாரும் பார்க்காமல் மகிழ்ச்சியில் அழுதார்.